மூன்று விசிலுக்கு வெந்த ஸ்பாஞ்ச்

என் தங்கை வீட்டுக்காரர் கை கழுவுவதற்கு முன்னால் ஒருமுறை கை கழுவுவார். குழாயைத் தொட வேண்டுமே, அதற்காக. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்தி, கத்தரிகளை நீராவியில் அவித்துக் கொடுக்கும் வேலையில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவர். அவர் கொன்ற கிருமிகளை எண்ணினால் உலகப் போரெல்லாம் குழாயடிச் சண்டை. நானோ ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் அதே முப்பத்துநாலு வருஷம் அழுக்கைத் தின்னும் கிருமி வளர்த்துச் சோறு தின்றவன். கல்யாணத்தன்று எனக்குக் கை கொடுத்துவிட்டு மனுஷர் நேராகப் போன இடம் வாஷ்பேசின். அன்றிலிருந்தே எங்களுக்குள் அப்படியொரு பாசம்.

அவர் ரிட்டயர் ஆனதும் வாங்கிய முதல் சொத்து நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதுவரை தங்கையின் தங்கமீன் நத்தைகளோடும் தண்ணீர் வடிகட்டும் குட்டி ஃபில்டரோடும் ஒரு பாசி பிடித்த பிளாஸ்டிக் டப்பில் ஒன்பது வருஷம் சௌக்கியமாக இருந்தது. பெயர் மேனேஜர். நாள் முழுக்கக் கண்ணை உருட்டிப் பார்க்கும், வாயைத் திறந்து திறந்து மூடும், ஒரு வேலையும் செய்யாது. அந்த வீட்டில் என் தங்கையைப் பார்த்து 'கை கழுவினியா' என்று கேட்காத ஒரே உயிர் அதுதான். அவள் பேசுவதெல்லாம் அதனிடம்தான். ஞாயிறுதோறும் போகும்போது நானும் அதை நலம் விசாரிப்பதுண்டு.

மாப்பிள்ளை மேனேஜரைக் கண்ணாடி மாளிகைக்கு மாற்றினார். துணைக்கு எட்டுப் புது மீன்களை விட்டார். பழைய டப்பை அவரே உடைத்துக் குப்பையில் போட்டார். இரண்டே மாதத்தில் எட்டும் போய்ச் சேர்ந்தன. தண்ணீரில் அம்மோனியா. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக நிற்க வேண்டும், பச்சையானால் விஷம். தினமும் பச்சை. கிளி பார்த்தால் சம்பந்தம் பேசும், அப்படியொரு பச்சை. மாப்பிள்ளை பாதித் தண்ணீரை மாற்றினார், கடைக்காரன் கொடுத்த பொடிகளையெல்லாம் கொட்டினார். பச்சை மட்டும் போகவில்லை.

ஒரு ஞாயிறு காலை தங்கை போன் செய்தாள். "அண்ணா, மேனேஜர் மேலயே நின்னு வாயைப் பொளந்து காத்தைக் குடிக்குது. செவுளெல்லாம் செவந்துபோச்சு. சீக்கிரம் வா. நான் கூப்பிட்டேன்னு அவர்கிட்ட சொல்லாத." எதற்கும் அழாதவள். குரல் சரியில்லை.

போனேன். சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்து ஓய்ந்தது. ஆவி அடங்கியதும் ஆசையாக மூடியைத் திறந்தேன். உள்ளே கறுப்பாக, சதுரமாக ஒன்று வெந்து கிடந்தது.

"மாப்ள, இன்னிக்கு இதுதான் சாப்பாடா?"

"ஃபில்டர் ஸ்பாஞ்ச், மச்சான். வாராவாரம் மூணு விசில். ஒரு கிருமி தப்பிக்காது."

"குக்கர்லயா?"

"இதுக்குன்னு தனி குக்கர். என்னை என்னன்னு நெனச்சீங்க?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

நான் சிரித்த சிரிப்பில் தட்டுகள் ஆடின. "மாப்ள, மீனோட கழிவு, மிச்சத் தீனி எல்லாம் அம்மோனியா ஆகும். அதைத் தின்னு தீர்க்கன்னே ஒரு கிருமி இருக்கு. ஸ்பாஞ்ச்ல பழுப்பா வழவழன்னு படியுமே, அதுதான் அதோட குடித்தனம். குடியேறவே வாரக்கணக்காகும். நீங்க ஞாயித்துக்கிழமையானா ஊரோட அவிச்சுடறீங்க."

"கிருமிக்கு வக்கீலா வந்திருக்கீங்களாக்கும். உங்க வீட்டுல நான் தண்ணிகூடக் குடிக்கறதில்ல, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். டம்ளர் கழுவற வேலை மிச்சம்."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கை பால்கனிக்குப் போனாள். காயப்போட்டிருந்த போர்வையை ஒதுக்கினாள். பின்னால் ஒரு வாளி. உள்ளே நாலு நத்தைகள். பழைய டப்பின் ஃபில்டர் குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஸ்பாஞ்ச் சேற்றில் புரண்ட எருமை நிறம்.

"டப்பை நீங்க ஒடைச்சப்ப இதுங்க உயிரோட இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல. ரெண்டு மாசமா தீனி போட்டு வச்சிருக்கேன்," என்றாள் கணவரிடம்.

எனக்கோ கும்பிடத் தோன்றியது. நிலையத்தில்கூட நான் அவ்வளவு கொழுத்த அழுக்கைப் பார்த்ததில்லை. "இதை அப்படியே தொட்டியில வச்சா மேனேஜர் பொழைக்கும்."

மாப்பிள்ளை ரப்பர் கையுறையைத் தேடினார்.

"வெறுங்கையால வைங்க. அது செத்துச்சுன்னா இந்தத் தொட்டி தெருவுக்குப் போகும். நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள் தங்கை.

என் வீட்டுக்கா என்று எனக்கே பகீரென்றது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, விஷப்பாம்பைப் பிடிப்பதுபோல அந்த ஸ்பாஞ்சை எடுத்து வைத்தார். பிறகு குளியலறைக்குப் போனவர் வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நாங்கள் தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டு, குளோரின் போக்கிய தண்ணீரை ஊற்றினோம். மூன்று நாள் தீனி கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் பச்சை வெளுத்தது. ஒரு வாரத்தில் மஞ்சள். மேனேஜர் அடியில் இறங்கி அதிகாரத்தோடு உலாவியதாகத் தங்கை போனில் சொன்னாள். நான் தெருவில் பார்த்தவரிடமெல்லாம் மாப்பிள்ளையின் குக்கர் கதையைச் சொன்னேன். ஒருவரிடம் இரண்டு தடவை.

அப்புறம் வந்த திங்கட்கிழமை தண்ணீர் மறுபடி லேசாகப் பச்சை. அடுத்த திங்களும். மாப்பிள்ளை குழைந்த குரலில் போன் செய்தார். "மச்சான், உங்க கிருமிங்க திங்கக்கிழமை லீவா?"

அடுத்த ஞாயிறு நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கை எதிரே வந்து நின்றாள்.

"அண்ணா, சட்டைப் பையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டு."

காட்டினேன். ஒரு கைப்பிடி மீன் தீனி. என்ன செய்வது, என்னைப் பார்த்ததுமே மேனேஜர் வாயைத் திறக்கிறதே. வாரம் ஒரு தடவை, அவள் காபி போடப் போகிற நேரத்தில், பாசத்தோடு அள்ளிப் போட்டு வந்தேன். தின்றது பாதி, மீதி அடியில் அழுகியிருக்கிறது. கிருமிகளோடு குடும்பம் நடத்தியவன், அவற்றின் பசிக்கு ஓர் அளவுண்டு என்பதை மறந்துபோனேன்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. நாசூக்காக ஒரு சோப்பை என் கையில் வைத்தார். அது போதாதா?

இப்போது தொட்டிக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு நாற்காலிகள், கை எட்டாத தூரத்தில். அவர் கழுவக்கூடாது, நான் ஊட்டக்கூடாது. சொட்டு மருந்து தங்கை கையில். நாலு வாரமாக மஞ்சள். தொட்டியை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து, அவள் அன்றாடக் கதையை மேனேஜரிடம் சொல்கிறாள். எங்களைப் பற்றித்தான், காது கேட்கும்படி.

"வாயைத் திறக்குது மச்சான். பசியோ?" மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"கண்ணாடியில பாசி தெரியுதே மாப்ள. தொடைக்கலாமா?"

தங்கை திரும்பாமலே சொன்னாள்: "ரெண்டு பேரும் கையை மடியில வைங்க."