அடியில் பல் இல்லை

மார்ச் 11, செவ்வாய். சித்தி ஒரு சின்னத் தவறு செய்துவிட்டாள். சின்னது என்றுதான் இன்று சாயங்காலம்வரை அவளே நினைத்திருந்தாள்; தவறு என்றுகூட நினைக்கவில்லை.

பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை அவளுக்கு. பகலெல்லாம் நின்றபடி எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் அவளே படிக்கப் போகும் கணக்கு வகுப்பு. அக்கா மகள் குட்டிக்குப் பத்து வயதாகியும் கீழ்வரிசையில் முன்னால் இரண்டு பால் பற்கள் விழவில்லை. பள்ளியில் "பாப்பா பல்லு" என்று கேலி. போன மாதம் அழுதுகொண்டு வந்தவளிடம், கால்வலியில் கண்ணைக்கூடத் திறக்காமல், "தினமும் நாக்கால நெம்பு. விழுந்தா புதுசு முளைச்சிட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டாள். வேலையிடத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்வதுதான். அன்றிலிருந்து குட்டி கர்மசிரத்தையாக நெம்பினாள். ஒன்று ஆடத் தொடங்கியது. இன்னொன்று அசையவே இல்லை என்றதும்தான் சித்தி அவளை மருத்துவரிடம் கூட்டிப் போனாள்.

மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்தார். அந்த இரண்டு பற்களுக்கும் அடியில் வெறும் எலும்புதான் தெரிந்தது.

"புதுப் பல்லு பிறவியிலேயே உருவாகல. சில பிள்ளைங்களுக்கு இப்படி இருக்கும். இந்தப் பால் பல்லைத்தான் காப்பாத்தி வச்சுக்கணும். ஒண்ணு ஆடுதே, யாரு ஆட்டினது?"

"நானாத்தான் டாக்டர்" என்றாள் குட்டி, சித்தி பக்கம் திரும்பாமல்.

சித்தி குறுக்கிட்டாள். "நான்தான் சொன்னேன் டாக்டர்."

அவர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "இனிமே தொட வேண்டாம். நிக்கும்னு நம்புவோம்" என்றதோடு சரி.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். வகுப்பு தொடங்கியிருக்கும்.

"எதுக்குடி பழியை நீ ஏத்துக்கிட்ட?"

"உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டா? அப்புறம் எனக்கு யாரு கலர் பென்சில் வாங்கித் தருவா?"

சிரிக்கத் தெம்பில்லை, ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. குட்டி சிரிக்கவில்லை.

"சித்தி, இந்தப் பல்லு விழுந்துடுமா?"

விழாதுடா தங்கம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"தெரியல."

"முன்னாடியே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். அசதியில வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்டி."

குட்டி உதட்டை இறுக மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நாக்கு அந்தப் பல்லை நோக்கிப் போவதும் பாதியில் நிற்பதும் தாடை அசைவில் தெரிந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. இறங்கும் இடம் வந்தபோது சொன்னாள்:

"அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா, உன்னை மாட்டிவிட்ட மாதிரி இருக்கும்."

நாளை: அக்கா வேலைக்குக் கிளம்பும் முன், எக்ஸ்ரேயைக் காட்டி, நெம்பச் சொன்னது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.