மருந்துக் கோபம்

இழுப்பறையில் மருந்துக் குப்பி இல்லை. துணிகளையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டுப் பார்த்தான். அப்போதும் இல்லை.

அவனுக்குப் பைக் பட்டறையில் குருவி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்தபோது குரல் அப்படி. வீட்டில் பெண்ணாக வளர்க்கப்பட்டவன், ஆணாக வாழ்வதற்காக டாக்டரின் மேற்பார்வையில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போடத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. மாதவிலக்கு நின்றது. தாடையில் பூனைமுடி கறுத்தது. குரல் உடைந்தது. "குருவி தொண்டையில தவளை குடிவந்துடுச்சுடா" என்று மேஸ்திரி சிரித்தார். சிரித்துவிட்டு ஸ்பானரை எடுத்துக் கையில் கொடுத்தார். பட்டறையில் அத்தோடு பேச்சு முடிந்தது. வீட்டில்தான் முடியவில்லை.

கடைகளில் இப்போது அந்த மருந்துக்குத் தட்டுப்பாடு. கையில் இருந்தது ஒரே குப்பி. இன்று ஊசி நாள். ஊசி விட்டுப்போனால் நாளடைவில் மாதவிலக்கு திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ரத்தத்தை மறுபடி பார்க்க அவன் தயாராக இல்லை.

கூடத்தில் அக்காவும் அவள் கணவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் மருந்தை யார் எடுத்தது?"

"ஆரம்பிச்சுட்டா பாரு" என்றார் மாமா. "எல்லாம் அந்த ஊசி பண்ற வேலை. நிறுத்திப் பாருங்க, கோவமும் போயிடும், மீசையும் போயிடும்."

இதுதான் அவனைக் கொன்றது. கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் ஊசி. சோறு வேண்டாமென்றால் ஊசி. பள்ளிக்கூடம் போகும் வயதில் கவுனைக் கத்தரியால் வெட்டிப் போட்டானே, அன்றைக்கு எந்த ஊசி?

"நீங்கதானே எடுத்தீங்க? தைரியம் இருந்தா சொல்லுங்க மாமா!"

கத்தும்போதே குரல் உடைந்து கீச்சென்று மேலே போனது. மாமாவுக்குச் சிரிப்பில் டீ புரையேறியது.

"நான்தான் எடுத்தேன்" என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்.

ஊசி தொடங்கியதிலிருந்து அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாதவள் அவள்.

"தூக்கிப் போட்டுட்டியா? எம்மேல உனக்கு அவ்வளவு வெறுப்பாம்மா?"

அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அப்பாவின் இன்சுலின் பக்கத்திலிருந்து, துணியில் சுற்றிய குப்பியை எடுத்தாள்.

"அப்பா மருந்து வெளிய இருந்தா கெட்டுடும்ல. வெயில் வேற இப்படிக் கொளுத்துது. இதுவும் கெட்டுடக் கூடாதேன்னு..."

எண்ணெய் மருந்து அது. குளிரில் உள்ளே உப்புப் பூத்ததுபோல் வெள்ளை வெள்ளையாகக் கட்டியிருந்தது.

"போச்சு! கேட்டிருக்கலாம்ல? இத்தனை மாசத்துல ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அவன் கிளினிக்குக்குப் போன் போட்டான்.

"பதறாதீங்க தம்பி" என்றார் நர்ஸ். "உள்ளங்கையில வச்சு உருட்டுங்க. முழுசாத் தெளிஞ்சா போட்டுக்கலாம். தெளியலைன்னா போடாம இங்க எடுத்துட்டு வாங்க. இனிமே ஃப்ரிட்ஜ் மட்டும் வேண்டாம்."

அவன் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். அம்மா குப்பியை வாங்கித் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

"நீங்களுமா அத்தை? நாளைக்கு இந்தக் கோவம் உங்களையே அடிக்கும், பாருங்க" என்றார் மாமா.

அம்மா நிமிர்ந்தாள். "இந்தக் கோவம் ஊசியால வரல மாப்பிள்ளை. நீங்க பேசுறதால வருது. எனக்கும்தான் வருது. நானென்ன ஊசியா போட்டுக்கிட்டேன்?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா தரையைப் பார்த்தபடி, "கிளம்பலாம், வாங்க" என்றாள்.

அவனுக்குக் கோபம் ஆறவில்லை. மாதக்கணக்கில் வாய் மூடியிருந்தவளை ஒரு நிமிடத்தில் மன்னித்துவிட முடியுமா? ஆனாலும் இறைவன் மனிதர் கையில் வைத்த சூடு சின்ன விஷயமல்ல. குப்பியின் ஓரம் மெல்லத் தெளியத் தொடங்கியது. அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"குத்துறப்ப வலிக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"வலிக்கும்" என்றான், கோபமாகவே.