பழைய பெட்டிக்குத் திரை

என் மகள் துஷ்யந்தியைப் பெண் பார்க்க வெலிமடையிலிருந்து ஆட்கள் வருவதற்கு முதல் நாள், வயர்மேன் கஜேந்திரனுக்கும் எனக்கும் பெரிய சண்டை. கூரைத் தகரம் ஒழுகி மெயின் சுவிட்ச் பெட்டிக்கு மேலேயே தண்ணீர் வடிந்தது. தகரத்தை மாற்றினோம், பெட்டியையும் வாசற்பக்கச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினான். ஆனால் பழைய இரும்புப் பெட்டி நடு ஹோலில் அப்படியே இருந்தது.

"ஏன்டா, இதக் கழட்டலயா?"

"வயரு புது இடத்துக்கு எட்டல அக்கா. சுவிட்ச எல்லாம் எடுத்துட்டு, பழைய பெட்டிக்குள்ள ஜொயின்ட் போட்டு அங்கேருந்து இழுத்துருக்கேன். துருவச் சுரண்டி எர்த்தும் கட்டியாச்சு."

"அப்ப சாந்து பூசி மூடு!"

"மூடக்கூடாதுக்கா. நாளைக்கு ஒரு ஜொயின்ட் சூடானா சுவரையா ஒடைக்கிறது? மூடி எப்பவும் தொறக்குற மாதிரி இருக்கணும்."

போன தடவை வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போய்ச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். இந்தப் பையன் ரஜீவின் போட்டோவைத் துஷ்யந்தி தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். இது தட்டிப் போனால் என் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பேன்? ஆத்திரத்தில் கஜேந்திரனை வாய்க்கு வந்தபடி ஏசி அனுப்பினேன். பிறகு சிவப்புச் சட்டைத் துணியைத் திரையாகத் தைத்துப் பெட்டிக்கு முன்னால் தொங்கவிட்டேன்.

காலையில் என் வீட்டுக்காரர் முத்தையா புதுப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். ஆயுத பூசைக்கு வருசா வருசம் பொட்டு வாங்கிய பழைய பெட்டியையும் அவர் விடவில்லை. திரைக்கு மேலே ஒரு முழம் பூவையும் தொங்கவிட்டார். சமையல் அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

பத்து மணிக்கு வந்தார்கள். பையனின் அம்மா பூவம்மா வாசலில் செருப்பைக் கழற்றினார். நேராகத் திரைக்கு முன்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பனே, இந்தச் சம்பந்தம் நல்லபடியா அமையணும்."

அடி ஆத்தே! முத்தையா கூரையைப் பார்த்தார்.

"என்ன சாமிங்க?" என்று பூவம்மா திரையை விலக்கினார். உள்ளே பொட்டு வைத்த தகர மூடி. தேநீர்த் தட்டோடு வந்த துஷ்யந்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"சாமி இல்லீங்க, பழைய கரண்டு பெட்டிங்க" என்றேன்.

"சாந்து பூசி மூடியிருக்கலாமே?"

"மூடக்கூடாதுங்க. உள்ள ஜொயின்ட் இருக்கு. நாளைக்குச் சூடானா சுவரையா ஒடைக்கிறது?" எந்த வார்த்தைகளுக்காக நேற்று கஜேந்திரனை ஏசினேனோ, அதே வார்த்தைகள் என் வாயிலிருந்தே வந்தன.

பூவம்மா மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த வயர்மேன் நம்பர வாங்கிக்க. நம்ம குசினியில அடுப்புக்கு மேலதான பெட்டி இருக்கு? மருமக வர்றதுக்குள்ள மாத்திப்புடணும்."

துஷ்யந்தி தட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரஜீவ் சிரித்துக்கொண்டே போனை எடுத்து, "நம்பர் சொல்லுங்க அத்தை" என்றான்.

நான் எங்கே சொல்வது? நேற்றைய கோபத்தில் அந்த நம்பரை என் போனிலிருந்து அழித்திருந்தேன். தட்டை முத்தையாவிடம் கொடுத்துவிட்டு, பட்டுச் சேலையோடு கஜேந்திரன் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கு ஓடினேன்.