ஆடி பதினெட்டில் கேட்டவர்கள்

இருட்டில் கித்தா மரம் சீவுகிறவனுக்குக் கண் விரலில் இருக்க வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழம் கூடப் போனால் மரத்துக்குக் காயம், நமக்கு அரைப்பேர், பாதிக் கூலிதான். ஒரு நூல் குறைந்தால் ரப்பர் பால் இறங்காது. முந்நூறு மரத்தையும் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். வெயில் ஏறிய பிறகு சீவினால் நாலு சொட்டு விட்டுவிட்டு மரம் நின்றுவிடும். அதனால்தான் துரைமார் நம்மை நாலரை மணிக்கே பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எழுப்பிவிடுகிறார்கள். நம் மேல் உள்ள பிரியத்தால் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆவணியில் ஒரு விடியலில் என் பக்கத்து நிரையில் பேச்சியம்மாள் சீவிக்கொண்டிருந்தாள். எட்டு மாச வயிறு. அவளால் குனிய முடியாது. ஒவ்வொரு மரத்தடியிலும் ஈரமண்ணில் மண்டியிட்டுப் பட்டையைச் சீவினாள். பால் வடியும் மங்குக் கிண்ணத்தை நேராக்கி வைத்தாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த மரத்துக்குப் போய் மறுபடி மண்டியிட்டாள். அவள் புருஷன் செல்லப்பன் தன் நிரையை ஓட்டமாக முடித்துவிட்டு வந்து அவள் வாளிகளைத் தூக்குவான்.

"சந்தனசாமி அண்ணே, இன்னையோட மாசம் முடியுது" என்றாள் மூச்சு வாங்கியபடி. "நாளைக்குப் பெரட்டுல சீட்டு வாங்கிட்டு வண்டி ஏறிடுவோம்."

"சரி தாயி" என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே நாலு கல் தொலைவில் எங்கள் தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த பேர் எங்கள் வாயில் நுழையாது. நாங்கள் ஊத்துமேடு என்போம். மேடு என்பது பேரில்தான். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் முழுக்கச் சதுப்பு. குடிக்கிற தண்ணீரும் அங்கேதான், கொசுவும் அங்கேதான். பேச்சியம்மாள் இங்கே இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் காய்ச்சல் கண்டு நாற்பது நாளுக்குள் போய்விட்டன. மூன்றாவது தங்கியதும், தெப்ராவில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்யும் அவள் அண்ணன் அவளை ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினான். அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் நம் ஆள். "இந்தப் பிள்ளை வேணும்னா அந்தத் தண்ணியும் கொசுவும் இல்லாத எடத்துல போய்ப் பெத்துக்கம்மா" என்றாராம். அண்ணன் வீட்டில் குழாய்த் தண்ணீர். ஆலையில் செல்லப்பனுக்கு வேலையும் பேசியாயிற்று. ஆனால் பழைய தோட்டத்து விடுதலைச் சீட்டு இல்லாமல் யாரும் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். சொல்லாமல் கிளம்பலாம் என்றால், போன தையில் அப்படிக் கிளம்பிய ஒருவனைக் கங்காணியின் தடியாட்கள் ரெங்கம் ரோட்டில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவன் கை இன்றுவரை நேராகவில்லை.

ஒரு மாதம் முன்கூட்டிச் சொன்னால் யாரும் வேலையை விட்டுப் போகலாம் என்பது சட்டம். அது எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். யாரிடம் சொல்வது என்பதில்தான் எங்கள் ஆட்கள் ஏமாந்தார்கள்.

ஊரில் எங்களைச் சேர்க்க வந்தபோது சபாபதிக் கங்காணி காகிதம் எதையும் நீட்டவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்தார். அதை எடுத்துக்கொண்டோம், கப்பல் ஏறினோம். வெற்றிலை வாங்கி வந்தவர்கள் வெற்றிலை வைத்துத்தான் விடைபெற வேண்டும் என்பது எங்கள் ஜனங்களின் முறை. ஆடி பதினெட்டன்று மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் நிற்கும்போது, செல்லப்பனும் பேச்சியம்மாளும் கங்காணி முன்னால் வெற்றிலைத் தட்டை வைத்தார்கள்.

"ஒரு மாசத்துல நாங்க வெலகிக்கிறோமுங்க. தொரைகிட்டச் சொல்லிருங்க" என்றான் செல்லப்பன்.

கங்காணி வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "சரிப்பா, பாத்துக்கலாம்" என்றார். நாற்பது பேர் கேட்டோம். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்றாலும் பொங்கல் வாங்கப் போயிருந்தேன்.

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். பால் நிறுக்கும் கொட்டகைச் சுவரில் கரையான் பாதி தின்ற அட்டை ஒன்று தொங்கும், தொழிலாளர் சட்டம். 'தோட்டத்துத் துரையிடம் ஒரு மாத முன்னறிவிப்பு' என்று அதில் இருக்கிறது. துரையிடம். கங்காணியிடம் இல்லை. வெற்றிலை செல்லாது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஆனால் என்னை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் கங்காணி. ஊரில் என் அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் துரை கொடுப்பதால், ஆள் குறைவதை அவர் விரும்ப மாட்டார் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் பொங்கலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எத்தனை கெட்டிக்காரன் பாருங்கள்.

பேச்சியம்மாள் மாசம் முடியுது என்று சொன்னதற்கு மறுநாள் பெரட்டு. லாந்தர் வெளிச்சத்தில் வரிசை கட்டி நின்றோம். கணக்கு எழுதும் கிராணி ராஜசேகரன் பேர் கூப்பிட்டு முடித்ததும், செல்லப்பன் மூட்டையோடு முன்னால் போனான். பின்னால் பேச்சியம்மாள்.

துரைக்கு எங்கள் தமிழ் நன்றாக வரும். மரியாதை மட்டும் வராது. "என்ன மூட்டை?" என்றார்.

"ஒரு மாசம் முடிஞ்சிருச்சுங்க தொரை. சீட்டு குடுத்தீங்கன்னா கெளம்பிருவோம்."

"யார்கிட்ட சொன்னே?"

"கங்காணிகிட்டங்க. ஆடிப் பதினெட்டுல வெத்தல வச்சுச் சொன்னோம்."

துரை திரும்பிப் பார்த்தார். கங்காணி தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார். "நல்ல நாளுல எல்லாருந்தான் வெத்தல குடுக்குறாங்க தொரை. இவனும் குடுத்தான், போட்டேன். வேற ஒண்ணும் சொல்லலியே."

செல்லப்பன் மூட்டையைக் கீழே வைத்தான். அவனுக்குப் பொய் சொல்லவும் தெரியாது, பொய்யை எதிர்த்துப் பேசவும் தெரியாது.

"சட்டம் என்கிட்ட சொல்லச் சொல்லுது. வெத்தலகிட்ட சொல்லச் சொல்லல" என்றார் துரை. பக்கத்தில் நின்ற அவர் உதவியாள் சின்னத் துரை சிரித்தார். "இன்னிக்குச் சொல்றியா? சரி. இன்னிலேருந்து ஒரு மாசம்."

பேச்சியம்மாள் முன்னால் வந்தாள். "ஒரு மாசத்துல எனக்குப் பேறு வந்துரும் தொரை. இந்த லயத்துல."

"இங்க ஆஸ்பத்திரி இருக்குது."

"அந்த ஆஸ்பத்திரிலேருந்துதான் ரெண்டையும் பொதைக்கத் தூக்கிட்டுப் போனோம்."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். "கங்காணி இல்லேன்னு சொல்றான். நீ ஆமான்னு சொல்றே. கேட்ட ஆள் இருந்தா முன்னால வரட்டும்."

நாற்பது பேர் இருந்தோம். கங்காணி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முகத்துக்கு வரும்போது நான் என் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் நகரவில்லை. பேச்சியம்மாள் மூட்டையை லயத்து வாசலில் வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு நிரைக்கு வந்தாள். அன்றைக்கும் முந்நூறு மரம்.

மத்தியானம் கொட்டகையில் பாலை ஊற்றிவிட்டு எல்லோரும் தொட்டியில் வாளி கழுவினோம். அவள் கழுவ முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றேன். "வெத்தல செல்லாதுன்னு அன்னைக்கே தெரியும். இந்தா, இந்த அட்டையிலயே இருக்கு." அட்டையைக் காட்டி உரக்க வாசித்தேன்.

என் பின்னால் நின்ற வெள்ளையம்மா வாளியைக் கீழே போட்டாள். நாக்கு அவளுக்குச் சீவுளியை விடக் கூர்மை. "தெரிஞ்சுமா சும்மா இருந்தே? படிச்ச வாயில பால் ஒறைஞ்சு போச்சா?"

பேச்சியம்மாள் என்னைத் திட்டவில்லை. "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா, மறுநாளே தொரைகிட்டச் சொல்லியிருப்போம். இந்நேரம் தெப்ராவுல இருந்திருப்பேன் அண்ணே" என்றாள். வெள்ளையம்மா செருப்பால் அடித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. வெட்கத்தில் அழுதேன். நாற்பது வயதுக்காரன், எல்லோர் முன்னாலும்.

"அழுது என்ன ஆவப்போவுது" என்றார் சின்னத்தம்பி. கைப்பழக்கத்தில் எங்களில் மூத்தவர், பயத்திலும் மூத்தவர். "கேட்டோம்னு சொன்னா கங்காணி நம்மளச் சும்மா விடுவாரா?"

"எத்தன பேர அடிப்பான்?" என்றாள் வெள்ளையம்மா. "ஒருத்தன் சொன்னா ஒருத்தன அடிப்பான். நாப்பது பேரும் சொன்னா? கித்தா வெலை ஏறிக் கெடக்கு. ஆள் பத்தாம மேக்கால காடு சீவாமக் கெடக்கு. நம்மள வெரட்டிட்டுத் தொரை கத்தியத் தூக்குவாரா?"

"நாளைக்கு இது நமக்கும்தானே" என்றார் சின்னத்தம்பி மெதுவாக. தன்னிடமே பேசுவது போலிருந்தது. "எனக்கும் ஒரு நாள் போவணும்னு தோணுமில்ல."

வாளி கழுவி முடிப்பதற்குள் பேசி முடித்துவிட்டோம். கேட்டதைச் சொல்வது. அதை எழுதிக்கொள்கிற வரை நிரைக்குப் போவதில்லை.

செய்தி எப்படியோ கங்காணிக்குப் போய்விட்டது. சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "ஊர்ல ஒங்கப்பன் வீடு இன்னும் என் வீட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு சந்தனசாமி. அவருக்கு வயசாயிருச்சு. தனியா இருக்காரு" என்றார். வெற்றிலைச் சாற்றை முற்றத்தில் துப்பிவிட்டுப் போனார். பயந்தேன். இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

மறுநாள் இருட்டோடு பெரட்டுக்குப் போனோம். கங்காணியின் நாலு தடியாட்கள் ஆபீஸ் படியில் நின்றார்கள். கிராணி பேர் கூப்பிட்டு முடித்தார். "நிரைக்குப் போங்க" என்றார் துரை. யாரும் போகவில்லை. வெள்ளையம்மா முதலில் உட்கார்ந்தாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக நாற்பது பேரும் உட்கார்ந்தோம். பேச்சியம்மாளை நடுவில் உட்காரவைத்தோம்.

"என்ன வேணும்?" என்றார் துரை.

"நேத்துச் சாட்சி கேட்டீங்க தொரை" என்றாள் வெள்ளையம்மா. "வந்திருக்கோம். ஆடிப் பதினெட்டுல இவங்க சொன்னத நாங்க கேட்டோம். கங்காணி ஒங்க ஆளு. அவர்கிட்டச் சொன்னது ஒங்ககிட்டச் சொன்னதுதான். எழுதிக்கிட்டுச் சீட்டு குடுங்க. இல்லேன்னா நாப்பது பேரும் இப்பவே ஒரு மாசம் சொல்றோம், வெத்தல இல்லாம, நேரா ஒங்க மூஞ்சியப் பாத்து."

"ஒருத்திக்காக நாப்பது பேரா?"

"ஆமாங்க" என்றார் சின்னத்தம்பி. அவர் குரல் நடுங்கியது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

துரை சின்னத் துரையை உள்ளே அனுப்பினார். டெலிபோன் கைப்பிடி சுற்றுகிற சத்தமும், 'போலீஸ்' என்ற சொல்லும் கேட்டன. தடியாட்கள் படியிலிருந்து இறங்கி எங்களைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் தடியின் முனையை என் தோளில் வைத்தான். கிழக்கே வெளுக்க ஆரம்பித்தது. துரை மரங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி மரங்களைப் பார்த்தார். ஒரு மரத்திலும் கத்தி படவில்லை.

"கிராணி, இவங்க சொல்றத எழுது" என்றார் கடைசியில்.

ராஜசேகரன் எழுதினார். தேதி, செல்லப்பன் பேர், பேச்சியம்மாள் பேர். எழுதி நீட்டியதும் துரை வாங்கிப் பார்த்தார். நாலாகக் கிழித்துக் கீழே போட்டார்.

"போலீஸ் வர்ற வரைக்கும் இங்கயே கெடங்க" என்றார்.

அந்தக் கிராணி ஒன்பது வருஷமாகத் துரை முகம் பார்த்தே பேசுகிறவர். எங்கள் பக்கம் ஒரு நாளும் நின்றதில்லை. அவர் குனிந்து தாள் துண்டுகளைப் பொறுக்குவார் என்று நினைத்தேன். அவர் மேசைக்குப் போய் இன்னொரு தாளை எடுத்தார். பேனாவை மையில் தோய்த்தார். ஒரு சொட்டு தாளில் விழுந்தது.

"ராஜசேகரன்" என்றார் துரை.

கிராணி நிமிரவில்லை. "கேட்டவங்க பேரு?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

ரெங்கம் ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டது. என் தோளில் இருந்த தடி அழுத்தியது. அதைக் கையால் விலக்கிவிட்டு எழுந்து நின்றேன்.

"சந்தனசாமி" என்றேன். "நான் கேட்டேன்."

பின்னால் சின்னத்தம்பி எழுந்துகொண்டிருந்தார்.