அப்படி யாரும் இங்க இல்ல

தெக்லா அத்தை தன் வடைக்கடை அடுப்பை விட்டு எழுந்து வந்தால் ஒன்று சாவாக இருக்கும், இல்லையென்றால் வம்பாக இருக்கும். அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து குருசடித் தெருவுக்குள் நுழைந்ததும், எண்ணெய்ச் சட்டியில் வடை அது பாட்டுக்குக் கருகிக்கொண்டிருக்க, அத்தை கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏட்டி பெனி, ஒன்னயத் தேடி ஒருத்தன் வந்தாம்ட்டி."

"யாரு?"

"எவங் கண்டான். சட்டய உள்ள விட்டு பெல்ட்டு போட்டிருந்தான். கையில பைலு. 'பெனிட்டா கொரைரா வீடு எது'ன்னான். நான் மொகத்தப் பாத்துச் சொன்னேன், அப்படி யாரும் இங்க இல்லன்னு."

பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய மாதிரி நின்றாள். பக்கத்தில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்த ரெமிஜியுஸ் மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கிட்டயும் வந்தான்லா. நான் அந்தப் பேரயே இப்பத்தான் கேள்விப்படுதேன்னுட்டேன். வண்டி நம்பர் நம்ம ஊரு கெடையாது. பிரவுன் சூ வேற. எனக்கென்னமோ சரியாப் படல."

எனக்கு ஞானஸ்நானத்தில் அந்தப் பேரை வைத்தவரே அவர்தான்.

எங்கள் தெருவில் இது பழக்கம். தெரியாத ஆள், கையில் காகிதத்தோடு வந்து யார் பேரையாவது கேட்டால், சின்னப் பிள்ளை முதற்கொண்டு ஒரே பதில்தான். ஊர்வலம் கலவரமாகி, போலீஸ் வீடு வீடாக ஆள் தேடிய வருசத்திலிருந்து இப்படி. கதவு நம்பரை எல்லாம் வீட்டுக்கு வீடு சுரண்டி எடுத்துவிட்டோம். கூரியர்காரன் அடுத்த தெரு மருந்துக்கடையில் பார்சலைக் கொடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவான். தபால்காரர் மட்டும் பழைய ஆள், அவர் தப்பித்தார்.

அந்த வருசம் இப்படித்தான் ஒருத்தன் வந்து, "தொம்மை வீடு எதும்மா?" என்று பவ்யமாகக் கேட்டான். படகு வேலைக்குக் கூப்பிட வந்திருக்கிறான் என்று நினைத்த தெக்லா அத்தை, மாவுக்கையாலேயே எங்கள் பச்சை வாசலைக் காட்டினாள். தொம்மை என்பது என் அப்பா, அத்தையின் கூடப்பிறந்த தம்பி. ஊர்வலத்துக்கே போகாதவர், ஐஸ் வாங்கப் போய்விட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். போலீஸ் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்கள். பல மாசம் கழித்து வரும்போது இடது காது கேட்கவில்லை. வழக்கு ஒன்றுமில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். காதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அத்தை தன் வாயால் எந்த வீட்டையும் யாருக்கும் காட்டியதில்லை. அப்பா தன் பேரை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. ரேஷன் கடைக்குக்கூட நான்தான் போவேன். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள், வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

இப்போது வந்தவன் தன்னைக் கேட்கவில்லை, மகளைக் கேட்டான் என்றதும் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நீ அந்தக் கம்பெனியில என்னத்த எழுதிக் குடுத்த?"

"பேரு, அட்ரஸ், படிப்பு. எல்லாரும் எழுதுறதுதாம்ப்பா."

"அதான் பாத்தேன். வேல குடுக்கேன்னு சொல்லி ஊர்ல ஒருத்தன் விடாம பேரு வாங்குறான். எதுக்கு? நாளைக்கி எவனாவது கொடி புடிச்சா எந்த வீடுன்னு தேட வேண்டாம் பாரு."

கம்பெனி என்றால், ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் காற்றாலை இறக்கை செய்கிற கம்பெனி. துறைமுக ரோட்டில் எடைமேடை அறையில் லாரி எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இறக்கை ஏற்றிய வண்டி வந்தால் மற்ற லாரியெல்லாம் ஒதுங்கி நிற்கும். ஒரே இறக்கை எங்கள் தெரு நீளத்துக்கு இருக்கும். இதை யாரோ அளந்து, தட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள், அந்த யாரோ நானாக இருந்தால் என்ன என்று தோன்றியது. பரீட்சை எழுதினேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். தரம் பார்க்கும் பிரிவில் வேலை என்று கடிதமும் வந்துவிட்டது. சேரும் தேதி மட்டும் பாக்கி.

தெரு நம்பவில்லை. "யாரப் புடிச்ச?" என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வியும். யாரையும் பிடிக்கவில்லை என்றால், "சும்மா குடுப்பானா? சொல்ல இஷ்டமில்லன்னா விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உள்ளூர் ஆட்களுக்கு முன்னுரிமை என்று மேம்பாலத்துப் பக்கம் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழேயே வெளியூர்ப் பையன்களுக்கென்று விடுதி விடுதியாகக் கட்டுகிறார்கள். இதையெல்லாம் பார்க்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உண்மையைச் சொன்னால் எனக்கே உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற பொருளில் எங்கோ ஓட்டை இருக்கும் என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

ஓட்டை மறுநாள் தெரிந்தது. எடைமேடையில் இருக்கும்போது போனுக்குக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. நான் கொடுத்த முகவரியில் விசாரித்ததில் அப்படி ஒரு ஆளே இல்லையாம், ஆகவே வேலை நிறுத்தி வைக்கப்படுகிறதாம்.  உடனே கூப்பிட்டேன். சென்னைக் குரலில் ஒரு பெண் எடுத்தாள்.

"நீங்க குடுத்த அட்ரஸ்ல நீங்க இல்லன்னு ரிப்போர்ட் வந்திருக்கு மேடம்."

"நான் பொறந்ததுல இருந்து அங்கதாங்க இருக்கேன்."

"அக்கம்பக்கத்துல எல்லாருமே இல்லன்னு சொல்லிருக்காங்க மேடம். அந்தப் பேரையே கேள்விப்படலன்னு ஒருத்தர் சொல்லிருக்காரு."

"அவரு என் ஞானத்தகப்பன்."

பிறகு பாவப்பட்டோ என்னவோ, இன்னொரு தடவை ஆளை அனுப்புவதாகச் சொன்னாள். ஆனால் அக்கம்பக்கத்தார் பேச்சு இனி செல்லாது. குடும்பத்து ஆள் ஒருவர் வீட்டு வாசலில் நின்று, தன் பேரைச் சொல்லி, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று நேரில் சொல்ல வேண்டும். இதுவும் தவறினால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு வேலை போய்விடும்.

நேரே வடைக்கடைக்குப் போனேன்.

"அத்த, எஞ்சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே! வேல குடுக்க வந்தவன வெரட்டி விட்டிருக்க!"

"ஏட்டி, அவன் நெத்தியில எழுதியா ஒட்டிருந்தான்? எனக்கு என்னட்டி தெரியும்?" அத்தை கரண்டியைக் கீழே போட்டாள். "ஒரு தடவ வாயத் தொறந்து அவன் காத வாங்குனேன். இந்தத் தடவ வாய மூடி ஒன் வேலய வாங்கிட்டனா? நான் பேசுனாலும் குத்தம், பேசாட்டாலும் குத்தமா?"

அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார். கேட்கிற காதைத்தான் என் பக்கம் வைத்திருந்தார், அதனால் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

"நான் வர மாட்டேன். வேற யாரையாவது அப்பான்னு காட்டு."

"ஆதார் கார்டு பாப்பான்ப்பா."

"அப்ப அந்த வேல வேணாம். எடமேடையில இருக்கேல்லா, அது போதும்."

"தொறமொகத்துக்குப் புது ரோடு போட்டா எடமேடையே போயிரும். அப்புறம் எங்க போவேன்? ஒங்க கூட வல இழுக்கவா?"

"மொதல்ல பேரக் கேப்பான், அப்புறம் போட்டோம்பான், அப்புறம் சும்மா ஒரு கையெழுத்தும்பான். எனக்குத் தெரியாதா? கம்பெனியாவது மண்ணாவது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "எப்பா, எனக்குப் பயமாருக்குன்னு சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். கம்பெனி சரியில்ல, வேல சரியில்லன்னு சொல்லாதீங்க."

வலை ஊசி கையிலேயே நின்றது.

"ஆமாட்டி, பயமாத்தான் இருக்கு" என்றார்.

அதை அவர் வாயால் கேட்டபோது, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை.

அந்த ஆள் மறுபடி வருகிற அன்று நான் லீவு போட்டேன். தெருவுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு உண்மையை அளவாகச் சொல்லத் தெரியாது. வண்டிச் சத்தம் கேட்டதுமே ரெமிஜியுஸ் மாமா குறுக்கே பாய்ந்தார்.

"வாங்க வாங்க! பெனிட்டா வீடுதானே? இந்தா, பச்ச வாசலு! தங்கமான புள்ள!"

"நம்ம பெனிட்டாவத் தெரியாத ஆளு உண்டுமா?" என்றாள் தெக்லா அத்தை. பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள் என் பேரைக் கத்திக்கொண்டே வண்டியின் பின்னால் ஓடி வந்தன.

வந்தவர் வண்டியை நிறுத்தினாரே தவிர இறங்கவில்லை. முப்பது வயது இருக்கும். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, நான் இன்னும் யாரையும் கேக்கவே இல்லையே."

"அது வந்து..."

"போன தடவ பேரே கேள்விப்படலன்னு சொன்னது நீங்கதான?"

"அன்னைக்கி வேல மும்மரத்துல இருந்தேன்."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தெருவைப் பற்றி என்ன எழுதப் போகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "வீட்டு ஆளு யாராவது இருக்காங்களா? இல்ல, அதுவும் இவங்கதானா?" என்று என்னிடம் கேட்டார்.

பச்சை வாசல் சாத்தியிருந்தது. அப்பா உள்ளே இருக்கிறாரா, பின்பக்கமாகக் கடற்கரைக்குப் போய்விட்டாரா என்று எனக்கே தெரியாது. அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நினைத்தேன். அப்போது தாழ்ப்பாள் விலகியது. அப்பா கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றார்.

"நீரு யாரு?"

"கம்பெனிக்காக விசாரிக்க வந்திருக்கேன்யா. இந்தா பாருங்க கார்டு."

"கார்டு எவன் வேணாலும் அடிச்சிக்கிடலாம். ஒம்ம பேரு?"

"வேல்ச்சாமி."

"ஊரு?"

"எட்டயபுரத்துப் பக்கம்யா."

"அங்கன யாரக் கேட்டா ஒம்மளத் தெரியும்?"

வேல்ச்சாமிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. விசாரிக்க வந்தவனையே விசாரிக்கிற வீடு இதுதான் முதல் தடவை போலும். "எங்கம்மாகிட்டயே கேளுங்கய்யா" என்று நம்பரைச் சொன்னார். என் போனிலிருந்து அடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"யாரு பேசுறது?" என்றது ஒரு பெண் குரல்.

"தூத்துக்குடியிலருந்து பேசுதேன்" என்றார் அப்பா. "வேல்ச்சாமி வீடுதானே?"

அந்தப் பக்கம் ஆடு கத்துவது மட்டும் கேட்டது.

"எந்த வேல்ச்சாமி? அப்படி யாரும் இங்கன இல்லையே."

"எம்மா, நாந்தாம்மா!" என்று கத்தினார் வேல்ச்சாமி.

"எம் மவன் மாதிரி பேசுனா நம்பிருவமாக்கும்? எவன்டா நீ? வைடா போன!"

லைன் அறுந்துவிட்டது. தெக்லா அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தெருவே சிரித்தது. வேல்ச்சாமியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல தாயி" என்றார். நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தார். "எம் பேரு தொம்மை அந்தோணி கொரைரா. இது எங்க வீடு. பெனிட்டா எம் மவ."

தெரு சிரிப்பை நிறுத்தியது. அப்பா முழுப்பேரையும் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருசமாகிறது. வேல்ச்சாமி ஆதாரைப் பார்த்தார், போனில் ஏதோ தட்டினார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "சரின்னு போட்டுட்டேன்ம்மா. வேலையில போயிச் சேருற வழியப் பாரு. ஐயா, வாசல்ல வச்சு ஒரு போட்டோ மட்டும்."

அப்பா தயங்கவில்லை. கதவில் முதுகை ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு, கண்ணைச் சிமிட்டாமல் நின்றார். வேல்ச்சாமி எடுத்தார். போனைச் சட்டைப்பையில் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

யாரும் சொல்லாமலே அப்பா பக்கவாட்டில் திரும்பி, நாடியை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். அதை அவர் என்னிடம் சொன்னதேயில்லை.

"ஒண்ணு போதும்யா" என்றார் வேல்ச்சாமி, மெதுவாக.

கேட்காத காது வேல்ச்சாமி பக்கம் இருந்தது. அப்பா அப்படியே கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, மற்ற பக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திரும்பி நின்றார்.