உள்ளூர்க் கட்டணத்துக்கு ஒரு கல்யாணம்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஆற்றையொட்டிய எங்கள் ஊரில், அரசுப் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். சேர வருகிற மாணவர் நம் மாநிலத்தவரா, வெளியாளா என்று முடிவு செய்வதுதான் என் வேலை. நம் பிள்ளைகளுக்காக மாநில அரசு ஒரு பங்கைப் போடும். வெளியாட்கள் முழுவதையும் தாங்களே கட்ட வேண்டும். ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த வித்தியாசத்துக்காக, செத்துப்போன மாமாவின் முகவரியைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டின் மின்சார ரசீதோடு வந்தவர்களும் உண்டு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இல்லினாய் மாநிலம். பாலத்தைக் கடக்க ஆறு நிமிடம் ஆகும். மார்னி ட்வோராக் அங்கிருந்துதான் வந்தாள். அவள் அப்பா தானியக் கிடங்கில் வேலை செய்தார். முதல் வருடக் கட்டணத்துக்கே அவர் வண்டி விற்றுப்போனது. இரண்டாம் வருடம் மார்னி ஒரு கல்யாணச் சான்றிதழோடு என் முன் வந்து நின்றாள். உள்ளூர்க்காரரை மணந்து ஒரே வீட்டில் குடியிருந்தால், வெளியாளும் உள்ளூர் ஆள்தான் என்பது எங்கள் விதி.

மாப்பிள்ளை ராய்ஸ் டாக்கெட். பழுதான கார்களைக் கட்டி இழுக்கும் லாரி ஓட்டுபவன்.

"எத்தனை நாள் பழக்கம்?" என்று கேட்டேன்.

"ஆறு மாசம் மேடம்."

"கல்யாணத்துக்கு அப்பா வந்தாரா?"

"அவருக்கு அன்னைக்கு ஷிஃப்ட்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மோதிரம் அவள் விரலில் சுழன்றுகொண்டிருந்தது. காகிதக் கல்யாணம் என்று எனக்கு அப்போதே தெரியும். மாநில அரசு வருடாவருடம் பணத்தைக் குறைக்கிறது, அந்த ஓட்டையை அடைக்க எங்கள் நிர்வாகம் வெளியாட்களை வலைபோட்டுப் பிடிக்கிறது. ஒரு கிடங்குத் தொழிலாளியின் மகளை வைத்து அதை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பிறகு அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் அவள் வாயாலேயே கேட்டேன். வாடகையில் பாதியை அவள் கொடுப்பது, தனித்தனி அறை, படிப்பு முடிந்ததும் விவாகரத்து. இதுதான் பேச்சு. நான்கு மாதம் ராய்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஐந்தாம் மாதம், வகுப்புத் தோழன் ஒருவன் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். ராய்ஸ் அவளை அறைந்தான்.

"ஊர் முழுக்க நீ என் பொண்டாட்டி. நான் கேனயனா?"

"இது அப்படிப்பட்ட கல்யாணம் இல்ல ராய்ஸ், உனக்கே தெரியும்."

"அப்போ ஆபீசுக்கு ஒரு போன் போடட்டுமா? படிப்பு காலி, உன் மேல கேஸும் வரும். போடட்டுமா?"

அந்த மிரட்டல் ஒன்றே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் அறையின் கதவைக் கழற்றி எடுத்துவிட்டான். பெல்ட்டால் அடித்தான். ஒரு முறை தலைமுடியைப் பிடித்துக் குளியல் தொட்டி விளிம்பில் மோதினான்; கடைவாய்ப் பல் உடைந்தது. போலீசுக்குப் போனால் கல்யாணம் பொய் என்பது வெளிவரும். அதனால் அவள் வாய் திறக்கவில்லை. முகத்தில் காயம் ஆறும்வரை வகுப்புக்குப் போகாமல் இருந்தாள். மார்ச் மாதம் அப்பாவைப் பார்க்கக் கிளம்பியபோது, லாரிக் கதவில் அவள் வலது கையை வைத்து இழுத்துச் சாத்தினான். இரண்டு விரல்கள் முறிந்தன.

ஏப்ரலில் அடுத்த வருடத்துக்கான படிவத்தைக் கொடுக்க இருவரும் வந்தார்கள். அவன் கை அவள் பிடரியில் இருந்தது. நான் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான்.

"கையில என்ன கட்டு?" என்றேன்.

"என் பொண்டாட்டிக்கு நடக்கவே தெரியாதுங்க. படியில உருண்டுட்டா." சிரித்தான்.

மார்னி இடது கையால் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"இந்த வருஷம் புது விதி. மாணவர்கிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசணும். நீங்க வெளிய உக்காருங்க" என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது.

கதவைச் சாத்திய பிறகும் அவள் உட்காரவில்லை. "மேடம், நான் பொய் சொல்லிட்டேன். என்னை வெளியாள்னே எழுதிடுங்க. அதுக்கப்புறம் அவன்கிட்ட என்னை மிரட்ட ஒண்ணும் இருக்காது." பிறகு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். நான் வளாகப் போலீசை அழைத்தேன். கதவின் கண்ணாடி வழியாக ராய்ஸ் என் கையில் போனைப் பார்த்துவிட்டான்.

கண்ணாடி உள்பக்கமாக நொறுங்கி விழுந்தது. அவன் முஷ்டியில் ரத்தம். முதல் குத்து அவள் வாயில் விழுந்தது. குறுக்கே போன என்னைக் கழுத்தோடு பிடித்து அலமாரியில் மோதினான். என் தோள்பட்டை கழன்ற சத்தம் எனக்கே கேட்டது. பிறகு தரையில் கிடந்த அவளை பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தான். மறுபடி மிதித்தான். "சொல்லிட்டியா? சொல்லிட்டியாடி?" என்பதைத் தவிர அவன் வேறெதுவும் சொல்லவில்லை.

சான்றிதழ்களில் அழுத்தி முத்திரை பதிக்கும் இரும்புக் கருவி ஒன்று என் மேசையில் இருந்தது. கைப்பிடி வைத்தது, நல்ல கனம். மார்னி மேசைக் காலைப் பிடித்து எழுந்து, இடது கையால் அதை எடுத்து ஓங்கி அடித்தாள். அவன் புருவத்தில் பட்டது. முழங்காலிட்டு விழுந்தான். அவள் மறுபடி அடித்தாள். அவன் கையைத் தூக்கித் தடுத்தான்; கையில் அடித்தாள். கை விழுந்ததும் முகத்தில் அடித்தாள். அவள் கத்தவில்லை, அழவுமில்லை. அடுப்படி வேலை செய்பவளைப் போல முகம் அமைதியாக இருந்தது. அவனிடமிருந்து சத்தம் நின்றுபோன பிறகும் இரண்டு முறை இரும்பு இறங்கியது. அதன் பிறகுதான் எழுந்து என் நல்ல கையால் அவளைப் பிடித்தேன்.

ராய்ஸ் பிழைத்தான். இடது கண் போயிற்று. வழக்கு விசாரணையில் அவன் வக்கீல் என்னைக் கேட்டார்: "அவன் அசையாம கிடந்தப்புறம் எத்தனை அடி?"

"எனக்குத் தோள் கழண்டிருந்தது. எண்ணுற நிலைமையில நான் இல்ல" என்றேன். சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய் அது.

அவனுக்கு ஐந்து வருடச் சிறை. மார்னி மேல் வழக்கு வரவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் அவளை வெளியாள் என்று திருத்தி, அந்த ஒரு வருடத்தின் கட்டண வித்தியாசத்தைக் கேட்டது. கட்டும்வரை மதிப்பெண் பட்டியல் தர மறுத்தது. கண்டுபிடிக்க வேண்டியவள் நான், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்று விசாரணைக் குழுவில் எழுதிக் கொடுத்தேன். பாக்கியைக் கேட்காமல் அவளை விட்டுவிட்டார்கள். என் வேலை போயிற்று. அவள் பாலத்தைக் கடந்து அப்பா வீட்டுக்குப் போய், தன் மாநிலத்துக் கல்லூரியிலேயே சேர்ந்தாள்.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பார்க்க வந்தாள். கடைத்தெருவில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு ஒன்றை வாங்கி இருவரும் சாப்பிட்டோம்.

"அன்னைக்கு நீங்க என்னை உடனே பிடிச்சு நிறுத்தலை. ஏன்?" என்று கேட்டாள்.

"அந்தக் கையெழுத்து நான் போட்டது. அவன் மறுபடி எழுந்திருக்கக் கூடாதுன்னு நானும்தான் நெனச்சேன்."

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "கடைசி ரெண்டு அடி எனக்குத் தெரிஞ்சேதான் அடிச்சேன் மேடம். யார்கிட்டயும் சொன்னதில்ல."

"தெரியும்" என்றேன்.

மறுநாள் அவளுக்குத் தேர்வு. இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டாள்.