பதினொன்றும் பச்சை

உத்தமபாளையத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றின் கிளை. ஆட்கள் மூன்று பேர். பாரிஸில் உள்ளவர்கள் மருந்து வாங்கப்போகும் ஓர் இணையதளத்தைச் சோதிப்பது எங்கள் தொழில். பாரிஸை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பாரிஸும் எங்களைப் பார்த்ததில்லை. அதனால்தான் வேலை கொடுத்திருந்தது.

சோதனையை ஸ்கிரிப்ட் என்கிற சிறு நிரல் செய்யும். ஓடவிட்டால் அதுவே தளத்தைத் திறந்து, பெயரை அடித்து, சேமித்து, திரும்ப எடுத்து ஒப்பிடும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. 2008 ஆடி மாதம் சோதனைப் பட்டியலின் இருநூறு பெயர்களில் பதினொன்று சிவப்பாகவே நின்றன. பதினொன்றிலும் é, ç என்று தலையிலோ காலிலோ குறி வைத்த எழுத்துகள்.

ஸ்கிரிப்டை எழுதியவள் ஜோதிலட்சுமி, சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் தவசியின் மகள். வேலை இருக்கிறவரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வேலை போனால் தாய்மாமன் மகன் கர்ணன் தயாராக இருந்தான். அவன் பிறந்ததிலிருந்தே தயாராக இருந்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் பச்சையானால்தான் ஒப்பந்தம் நீளும் என்று சென்னையிலிருந்து சொன்னார்கள். எங்கள் மேலாளர் திலீபன் நகத்தைக் கடித்தார்.

"பேரு பட்டியல ஒழுங்காச் சேமிச்சியா ஜோதி?"

"மொதல்ல நாந்தான் சார் தப்பாச் சேமிச்சிருந்தேன். யுனிகோடுல மாத்தவும் நாப்பது செவப்பு பதினொண்ணாக் கொறஞ்சிருச்சு. மிச்சம் நம்ம தப்பில்ல. அவுக தளந்தான் எழுத்த முழுங்குது. புகார் எழுதி அனுப்பிட்டேன்."

"பேர மாத்திக்கச் சொல்லி அந்தப் பதினோரு பேருக்கும் லெட்டர் போட்டுருவமா?" என்றேன் நான்.

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டு வேலு. எனக்கு வெள்ளிக்கெழம."

வியாழன் மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது அவளுடைய கணினியில் உட்கார்ந்தேன். பட்டியலில் இருந்த பதினோரு பெயர்களுக்கும் குறிகளைச் சிரைத்துவிட்டேன். ஆறு நிமிட வேலை. ஓடவிட்டதும் இருநூறும் பச்சை. அவள் அந்த மாடிக்கு வராமல் போய்விடக்கூடாது என்று நினைத்தேன். அதற்கு மேல் சொன்னால் இது காதல் கதையாகிவிடும்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தாள்.

"தளத்தச் சரி பண்ணிட்டாகளா?"

"பண்ணிட்டாக."

அவள் நம்பினாள். புகார் தீர்ந்துவிட்டது என்று தன் பெயரில் எழுதி அனுப்பினாள். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டு, "இன்னும் ஒரு வருசம்ப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது நான் செய்ததில் தப்பே தெரியவில்லை.

தளம் திறந்த மூன்றாவது வாரம், அந்தப் பதினொன்றைப் போலக் குறி வைத்த பெயர்க்காரர்கள் யாரும் உள்ளே நுழைய முடியவில்லை. மருந்து கிடைக்காமல் ஒரு கிழவர் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். தீராத புகாரைத் தீர்ந்ததாக எழுதியது யார் என்று பாரிஸ் கேட்டது. சென்னை ஜோதியின் பெயரைச் சொல்லி, அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது.

"பட்டியல மாத்துனது நான் சார்" என்றேன் திலீபனிடம்.

"சத்தமாச் சொல்லாத. புகாரு அவ பேருல முடிஞ்சிருக்கு. நீ சொன்னா ரெண்டு பேரா நிப்பாட்டுவாக, அவளத் திரும்ப எடுக்க மாட்டாக."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

ஜோதி பையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"சரி பண்ணிட்டாகன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டு மவுஸை உருட்டினேன்.

"செவப்போடயே அனுப்பிருந்தா வேலதான் போயிருக்கும். நான் சரியாத்தாம்ப்பா பாத்தேன்னு வீட்டுல சொல்லிருப்பேன். இப்ப அதயும் சொல்ல முடியாமப் பண்ணிட்டயே வேலு."

கீழே தவசி மொபெட்டோடு நின்றார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"கவனிச்சுப் பாத்திருக்கலாம்ல தம்பி இவ? இம்புட்டுப் படிக்க வச்சும் இப்பிடி" என்றார் என்னிடம்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று.

"பாத்திருக்கலாம்ண்ணே" என்றேன்.